மூடியில்லாத ஊர்

செவ்வாய்க்கிழமை ரொட்டி வண்டியோடு அந்தக் கடிதமும் வந்தது. லாஸ்ட்ராலுக்குத் தபால்காரர் வருவது நின்று ஆறு வருடம் ஆகிறது. கஸ்த்ரேஹோவிலிருந்து ரொட்டி கொண்டு வருகிறவரே, மாவு படிந்த பெட்டியின் ஓரத்தில் தபால்களையும் செருகிக்கொண்டு வந்துவிடுவார். பெனில்தே இரண்டு ரொட்டிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் நின்றபடியே உறையைக் கிழித்தாள். உள்ளே போய் உட்கார்ந்து படிக்கும் அளவுக்கு அவளுக்கு அரசாங்கக் கடிதங்கள் மேல் மரியாதை இருந்ததில்லை.

மாகாண அலுவலகம் எழுதியிருந்தது. மார்ச் பதினான்காம் தேதி காலை பத்து மணிக்கு லாஸ்ட்ராலுக்கும் கஸ்த்ரேஹோவுக்கும் இடையிலுள்ள எல்லை, மேட்டு மேய்ச்சல் நிலத்தில் நேரில் சரிபார்க்கப்படும். முன்பு எல்லை நடந்தவர் ஒருவரையாவது இரு ஊரும் அழைத்து வர வேண்டும்.

அந்தக் கடைசி வரியை அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு ரொட்டியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, மணி அடிக்கச் சொல்ல ஆவ்ரெயாவின் வீட்டுக்கு நடந்தாள்.

லாஸ்ட்ராலில் அப்போது பதினோரு பேர். அந்தப் பதினோரு பேருக்கும் தலைவி பெனில்தே. வேறு யாரும் வேண்டாம் என்றதால் வந்த பதவி அது. ஆனால் வந்தபின் அவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மாவட்டத்தைப் பற்றிய புத்தகத்தில் அவர்களுடைய ஊருக்கு நான்கே வரி: கடல் மட்டத்திலிருந்து இத்தனை உயரம், சுண்ணாம்புப் பாறைச் சரிவு, பழைய கோயில் வாசல் ஒன்று, மக்கள் தொகை குறைந்து வருகிறது. தண்ணீரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. எழுதியவன் கோடையில் வந்து போயிருக்க மாட்டான். லாஸ்ட்ராலில் ஆறு கிடையாது, அது தள்ளி கஸ்த்ரேஹோ பக்கம் ஓடுகிறது. கிணறும் கிடையாது, எங்கே தோண்டினாலும் பாறை, பாறைக்குக் கீழே இன்னொரு பாறை. ஊருக்கு மேலே, மேட்டு நிலத்தின் விளிம்பில் ஓநாய் ஊற்று என்று ஒன்று இருக்கிறது. அங்கிருந்து கல் வாய்க்கால் வழியாக இறங்கி வரும் தண்ணீர்தான் குடிக்க, சமைக்க, மாட்டுக்கு, தோட்டத்துக்கு. ஊர் அங்கே இருப்பதற்கு அந்தத் தண்ணீரைத் தவிர வேறு காரணமே இல்லை.

அரசாங்க வரைபடத்தில் எல்லைக்கல் வண்டிப்பாதை ஓரமாக இருக்கிறது. அந்தக் கணக்குப்படி ஓநாய் ஊற்று முந்நூறு அடி தள்ளி கஸ்த்ரேஹோவுக்குள் விழுகிறது. ஐம்பது வருடம் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. படத்தில் யாருடையதாக இருந்தாலும் தண்ணீர் கீழேதான் வரும். இப்போது கஸ்த்ரேஹோ நகராட்சி மேட்டு நிலத்தைப் பன்றிப் பண்ணை போடும் ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விடப் போகிறது. ஆறாயிரம் பன்றிகள். அவற்றுக்குக் குடிக்கவும் கழுவவும் ஊற்றுத் தண்ணீர். பதினான்காம் தேதி எல்லை உறுதியானால் மறுவாரமே குழாய் பதிப்பார்கள் என்று ரொட்டிக்காரர் சொன்னார்.

மணி அடித்ததும் கோயில் முகப்பில் ஒன்பது பேர் கூடினார்கள். இரண்டு பேருக்குக் காய்ச்சல்.

எல்லை நடந்தவர் யார் இருக்கிறார்கள் என்று பெனில்தே கேட்டாள். ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்த்தார்கள். சொன்ன பெயர்கள் எல்லாம் கல்லறைத் தோட்டத்தில் இருந்தன. பத்து வருடத்துக்கு ஒரு முறை, வீட்டுக்கு ஓர் ஆண் என்று போய், இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து ஒவ்வொரு கல்லாகத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவது வழக்கம், அரசாங்க வரைபடம் வந்தபின் அது நின்றுபோனது. பெண்கள் போகக் கூடாது. மதியச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் கல்லுக்கு நாற்பது எட்டு வைக்கும் தூரம் முன்னால், முள்மரம் இருக்கும் இடத்தில் நின்றுவிட வேண்டும். பெண் கை பட்டால் கல் நகர்ந்துவிடும் என்று சொல்வார்கள்.

"நாம தொடவே இல்ல. அப்படியும் நகந்துதான போச்சு?" என்றாள் ஆவ்ரெயா. எண்பத்து மூன்று வயது. அவள் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள்.

பெனில்தேயும் சிரித்தாள். சிரித்த வாயை மூடியபோது பல்லில் மண் கடிபட்டது போல இருந்தது.

கல் நகர்ந்தது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். யார் நகர்த்தியது என்று தெரியாது. மழை, கஸ்த்ரேஹோக்காரர்கள், சாலை போட்டவர்கள் என்று அவரவர் விருப்பத்துக்குச் சொல்லிக்கொண்டார்கள். பெனில்தேக்குத் தெரியும். அவளுடைய தம்பி எலாதியோவுக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"நான் போறேன். நான் அந்த முள்மரத்துக்கிட்ட நின்னிருக்கேன். அப்போ எனக்கு எட்டு வயசு," என்றாள்.

அது அறுபத்தொன்றாம் வருடம். பழைய கல் பிளந்துபோனதால் அந்த வருடம் புதுக் கல் நட்டார்கள். புதுக் கல் நட்டால் அதன் அடியில் சாட்சி வைக்க வேண்டும்: கூரை ஓடு ஒன்றை மூன்றாக உடைத்து, குழிக்குள் மூன்று பக்கமும் புதைத்து, அதன்மேல் கல்லை நிறுத்துவார்கள். பின்னால் யாராவது கல்லைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்தாலும் சாட்சி பழைய இடத்திலேயே கிடக்கும். மூன்று துண்டும் ஒன்றோடொன்று பொருந்தினால் அதுதான் எல்லை. அதற்கு மேல் பேச்சில்லை. ஓடு கொண்டுவரும் முறை அந்த வருடம் லாஸ்ட்ராலுடையது. மது கொண்டுபோனார்கள், ஆட்டுக்கறி கொண்டுபோனார்கள், சீட்டுக்கட்டுகூடக் கொண்டுபோனார்கள். ஓடு கொண்டுபோக மறந்துவிட்டார்கள். கஸ்த்ரேஹோக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்போதைய லாஸ்ட்ரால் தலைவர் சத்தூரியோ, பெனில்தேயின் அப்பா, முகம் சிவக்க முள்மரத்துக்கு இறங்கி வந்தார். ஒரு வார்த்தை பேசாமல், அவள் அம்மா கையிலிருந்த கொண்டைக்கடலைக் குழம்புச் சட்டியின் மூடியை எடுத்துக்கொண்டு மேலே போனார். பச்சை மெருகு பூசிய மூடி. அது உடையும் சத்தம் கீழே கேட்டது.

அன்றிலிருந்து கஸ்த்ரேஹோவில் லாஸ்ட்ராலுக்கு ஒரே பெயர்: மூடியில்லாத ஊர். சந்தையில், திருவிழாவில், கல்யாணப் பந்தியில்கூட, லாஸ்ட்ரால்காரன் ஒருவன் வந்தால் யாராவது ஒருவர் தட்டத்தைத் தட்டுவார்.

அவள் அம்மா அந்தச் சட்டிக்கு வேறு மூடி வாங்கவில்லை. ஒரு தட்டைக் கவிழ்த்து மூடினாள், சாகும்வரை.

எலாதியோ அன்று மாலையே சரகோசாவிலிருந்து போன் செய்தான். யாரோ சொல்லியிருக்கிறார்கள். முதலில் அவளுடைய முழங்காலைப் பற்றி விசாரித்தான். பிறகு, ஊர் இன்னும் எத்தனை வருடம் இருக்கும் என்று கேட்டான். பதினோரு பேர், எல்லோரும் கிழங்கள். அதற்காக இப்போது தோண்டிக் கிளறவேண்டுமா என்றான். அப்பா விட்டுப்போன ஆற்றங்கரைப் புல்வெளியில் பாதி தன்னுடையது என்பதையும் நினைவுபடுத்தினான். ஓய்வு பெற்றபின் அங்கே வீடு கட்டும் எண்ணத்தில் இருந்தான்.

"அப்பா பேரை அங்க இழுக்காதக்கா. இழுத்தேன்னா, அப்புறம் எனக்கு போன் பண்ணாத."

 அவன் வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.

அறுபத்தெட்டில் ஒரு விடியற்காலை அப்பா வீட்டுக்குள் வந்தது அவளுக்கு நினைவிருக்கிறது. அவளுக்குப் பதினைந்து வயது, அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். அவர் கால்சட்டை பனியில் நனைந்திருந்தது, வாசலில் கோவேறு கழுதை நுரை தள்ளி நின்றது. இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து போயிருந்தன. அம்மா ஒன்றும் கேட்காமல் ஆலிவ் எண்ணெய் தடவினாள். அந்த மாதம் அரசாங்க நில அளவைக்காரர்கள் வந்து வரைபடம் வரைந்தார்கள். அந்தக் கோடையில், அதுவரை கஸ்த்ரேஹோவுக்குச் சொந்தமாக இருந்த ஆற்றங்கரைப் புல்வெளியில் அவர்கள் வீடு புல் அறுத்தது. கஸ்த்ரேஹோவுக்கு மேட்டில் பைன் மரம் நட இடம் வேண்டியிருந்தது. அப்பாவுக்கு மாட்டுக்குப் புல் வேண்டியிருந்தது. தண்ணீர் எப்படியும் கீழேதானே வரும் என்று அவர் நினைத்திருப்பார். கெட்டவர் இல்லை. தன் வீட்டின் கொட்டகையைத் தாண்டி யோசிக்காத ஒரு மனிதர், அவ்வளவுதான். அதை மன்னிப்பதா வேண்டாமா என்று பெனில்தேக்கு இந்த வயதிலும் தெரியவில்லை.

அம்மா அந்தப் புல்வெளியில் காலே வைக்கவில்லை. அந்தப் புல்லைத் தின்ற மாட்டின் பாலையும் குடிக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் கறுப்புக் காப்பி. யாராவது கேட்டால் பால் வயிற்றுக்கு ஆகவில்லை என்பாள்.

பெனில்தே குடித்தாள். அதைத்தான் அவள் இந்த வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாலைக் குடித்து வளர்ந்தாள், அந்தப் புல்வெளியில் தன் புருஷனோடு இருபது கோடை புல் அறுத்தாள். அது அவளுக்குப் பிடித்த இடம். ஆற்றின் சத்தம் கேட்கும், பாப்லர் மரங்கள் நிழல் தரும். வாயைத் திறக்காததற்கு அப்பாவின் மேலுள்ள பாசம் காரணமில்லை, பயமும் காரணமில்லை. பேசாமல் இருப்பது அந்த வீட்டின் இன்னொரு சுவர் போல நின்றது. அதில் சாய்ந்து பழகிவிட்டாள். சாய்ந்தவளே அதை இடிக்க வேண்டும் என்றால் கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பதினான்காம் தேதி வடக்குக் காற்று வீசியது. பெனில்தே தன் பழைய ஜீப்பில் ஆவ்ரெயாவையும் ஏற்றிக்கொண்டு போனாள். வேண்டாம் என்றாலும் கிழவி கேட்கவில்லை. நாற்பது எட்டு தள்ளி நிற்க வைக்க இப்போது எவன் இருக்கிறான் பார்க்கிறேன் என்று கம்பளியைச் சுற்றிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

வண்டிப்பாதைக் கல்லருகே மற்றவர்கள் முன்னதாகவே வந்திருந்தார்கள். மாகாண அலுவலகத்து என்ஜினியர் அய்னோவா, மண்வெட்டியோடு இரண்டு ஆட்கள், கஸ்த்ரேஹோவின் தலைவர் கவுதென்சியோ. அவருடைய காரின் முன்னிருக்கையில் சிரிலோ. எண்பத்திரண்டு வயது, அறுபத்தொன்றில் எல்லை நடந்தவர்களில் உயிரோடு இருக்கும் ஒரே ஆள்.

"உங்க பக்கம் எல்லை நடந்தவங்க யாரு, தலைவியம்மா?" என்று கேட்டார் கவுதென்சியோ.

"நான்தான்."

"பொம்பளைங்க நடக்கறது இல்லையே."

"சாப்பாடு தானா நடந்து வராது தம்பி. நாங்க தூக்கிட்டு வந்தோம்."

அய்னோவா குனிந்து ஏதோ எழுதினாள். சிரித்தாளா என்று தெரியவில்லை.

கல்லின் அடியில் தோண்டினார்கள். முழங்கால் ஆழம் போன பிறகும் களிமண் மட்டும்தான் வந்தது. சாட்சி இல்லையே என்று அய்னோவா கேட்டாள். அதற்கு என்ன, அந்த வருடம் வைக்காமல் விட்டிருப்பார்கள் என்றார் கவுதென்சியோ. அந்த வருடம் ஓடு கொண்டுவர வேண்டியது லாஸ்ட்ரால்தான், அவர்கள் எதை ஒழுங்காகக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, பழக்க தோஷத்தில், காரின் மேல் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"மூடியில்லாதவங்கதான," என்றார்.

அய்னோவா வெளியூர்க்காரி. அது என்ன என்று கேட்டாள்.

சிரிலோ காரிலிருந்து இறங்கினார். அறுபது வருடமாக அவர் சொல்லிவரும் கதை. புதுக் காது ஒன்று கிடைத்தால் விடுவாரா? ஓடு மறந்தது, சத்தூரியோவின் முகம் சிவந்தது, சட்டியோடு நின்ற அந்தப் பெண்ணின் கையிலிருந்து மூடி போனது, குழம்புக்குள் காற்றில் பறந்து வந்த ஒரு பூச்சி விழுந்தது எல்லாவற்றையும் சொன்னார். நடித்துக் காட்டினார். கவுதென்சியோ இருமினார். சிரிலோ நிறுத்தவில்லை.

"குழி தோண்டினதே நான்தான். அடேயப்பா, என்ன பாறை அது. அதோ மேல, ஊத்துக்கும் மேல, முள்மரத்துலேர்ந்து..."

அவர் கை மேலே நீண்டிருந்தது. 

"மேலயா?" என்று கேட்டாள் அய்னோவா.

பெரியவருக்கு வயதாகிவிட்டது, இடம் மாறிப் பேசுகிறார், புத்தி முன்போல இல்லை என்று கவுதென்சியோ அவசரமாகச் சொன்னார். அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் சிரிலோ ஒருவேளை வாயை மூடிக்கொண்டிருப்பார்.

"யாருக்குடா புத்தி போச்சு?" என்றார் சிரிலோ. கைத்தடியை ஊன்றி மேட்டில் ஏறத் தொடங்கினார்.

எல்லோரும் பின்னால் போனார்கள். முள்மரம் காய்ந்து கட்டையாக நின்றது. பெனில்தே அதன் அருகில் நின்று மேலே பார்த்தாள். எட்டு வயதில் பார்த்தபோது ஆண்கள் எல்லாம் வானத்தோடு ஒட்டி நின்றது போல இருந்தது. இப்போது அது வெறும் மேடு. நாற்பது எட்டு நடந்தாள். முதலில் தோண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. சிரிலோ, இன்னும் இரண்டு எட்டு இடதுபக்கம் என்றார். அங்கே மூன்றாவது வெட்டில் மண்வெட்டி கரகரவென்று உரசியது.

பச்சை மெருகு. குமிழோடு ஒரு துண்டு, பிறகு இரண்டு. மூன்றாவதை மண்வெட்டி முனை உடைத்துவிட்டது. அய்னோவா கையுறையைக் கழற்றி, தன் கழுத்துத் துணியில் அவற்றைப் பொருத்தி வைத்தாள். வட்டமாயிற்று.

வென்றுவிட்டோம் என்ற எண்ணம்தான் முதலில் வரும் என்று பெனில்தே நினைத்திருந்தாள். வரவில்லை. எவ்வளவு சின்ன மூடி என்றுதான் தோன்றியது. அம்மா அதைக் கையில் பிடித்திருந்த விதம், குமிழை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து, ஆவி அடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு. அதை அவளைக் கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள். புல்வெளியையும் அவளைக் கேட்காமல்தான் கொண்டுவந்தார்கள். ஊற்றையும் கேட்காமல் கொடுத்தார்கள். அந்த நாற்பது எட்டுத் தூரத்தில் நின்ற அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்ததைத் தன் காப்பியில் பால் ஊற்றாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். யாருக்கும் கேட்கவில்லை.

கவுதென்சியோ மேலேறி வந்து மூச்சு வாங்கினார். துண்டுகளைப் பார்த்தார். பிறகு பெனில்தேயின் பக்கத்தில் வந்து, மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"சரி. கல்லு எப்படிக் கீழ வந்துச்சுன்னு கேப்பாங்க. ஆத்தங்கரைப் புல்வெளி உங்களுக்கு எப்படி வந்துச்சுன்னு நான் சொல்வேன். உங்க அப்பா ஊரை வித்தவர்னு பதினோரு பேருக்கும் தெரியட்டுமா? இல்ல, இது கிழவர் ஏதோ உளறினதுன்னு விட்டுடுவமா?"

அவருக்கும் தெரிந்திருந்தது. எத்தனை வருடம் என்று அவள் கேட்கவில்லை. தன் முகம் சூடாவது தெரிந்தது. அப்பாவின் முகம் சிவந்தது இப்படித்தான் இருந்திருக்கும். திரும்பி ஆவ்ரெயாவைப் பார்த்தாள். ஆவ்ரெயா இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, குழிக்கு மிக அருகில், வேண்டுமென்றே அதன் விளிம்பில் நின்றுகொண்டிருந்தாள்.

அய்னோவா தாளைப் புரட்டினாள். கல் நகர்த்தப்பட்டிருக்கிறது என்று எழுத வேண்டும், யாரால் என்றும் ஒரு கட்டம் இருக்கிறது என்றாள். இருவரின் முகத்தையும் பார்த்துவிட்டு, தெரியவில்லை என்று எழுதினாலும் போதும், வழக்கமாக அப்படித்தான் எழுதுவோம் என்று நல்ல மனதோடு சொன்னாள்.

"தெரியும். எழுதுங்க," என்றாள் பெனில்தே.

குரல் அவள் நினைத்ததைவிடப் பலமாக வந்தது.

"சத்தூரியோ அபியான். லாஸ்ட்ரால் தலைவர். அறுபத்தெட்டுல. எங்க அப்பா."

ஆவ்ரெயா அசையாமல் நின்றாள். பெனில்தே அவளைப் பார்க்காமலே தொடர்ந்தாள். அந்தக் கல்லுக்குப் பதிலாக வந்தது ஆற்றங்கரைப் புல்வெளி, அந்தப் புல்வெளியில் போன வருடம்வரை தானும் புல் அறுத்தவள்தான், அதையும் எழுத வேண்டும் என்றாள். கஸ்த்ரேஹோ அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வேலியை அவளே பிடுங்கித் தருவாள். தம்பி தன் பங்கைக் கேட்டால் வழக்குப் போடட்டும்.

கவுதென்சியோ தொப்பியைச் சரிசெய்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. வெட்கம் முழுவதும் மேட்டின் லாஸ்ட்ரால் பக்கம் இறங்கிவிட்டது என்று நினைத்திருப்பார்.

"இன்னொரு பேரும் இருக்கு," என்றாள் பெனில்தே. "கீழ போய் அந்தக் கல்லைப் பாருங்க என்ஜினியரம்மா. ஒரு ஆளால தூக்க முடியுமா? மெல்கியாதெஸ் கார்செஸ்னு எழுதுங்க. அப்போ கஸ்த்ரேஹோ தலைவர். இதோ, இவரோட அப்பா."

அதற்கு ஆதாரம் இல்லை, இது அவதூறு என்று கவுதென்சியோ கத்தினார். அய்னோவா பேனாவை நிறுத்தினாள். இறந்தவர்கள் இருவர், நேரில் பார்த்தவர் யாரும் இல்லை. ஒருவர் பெயரை மகளே சொல்லிவிட்டாள், மற்றவர் பெயரை மகன் மறுக்கிறார்.

சிரிலோ தடியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். புத்தி போய்விட்டது என்று சொன்னது இன்னும் உறுத்திக்கொண்டிருந்ததோ, அல்லது அந்தப் பச்சைத் துண்டுகள் அவரையும் ஏதோ செய்தனவோ.

"ரெண்டு பேராலயும் முடியல," என்றார். "கோவேறு கழுதை கட்டித்தான் இழுத்தோம். கழுதையப் பிடிச்சவன் பேரும் எழுதணுமாம்மா?"

அய்னோவா பெனில்தேயைப் பார்த்தாள். கவுதென்சியோவும் பார்த்தார்.

"எழுதுங்க," என்றாள் பெனில்தே. "கழுதை எங்க வீட்டுதுன்னும் எழுதுங்க."